இட்டேரியை வழித்தெடுக்கும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பொங்கல் நெருங்கும் நாட்களில், பாதையைப் புதர் மறைத்துவிட்டது, ஊராட்சி கண்டுகொள்ளவில்லை என்று ஒரு புகைப்படத்துடன் நான்கு வரிச் செய்தி நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் ஆண்டுதோறும் தவறாமல் இடம்பெறுகிறது. தங்கள் நாளிதழும் இதற்கு விலக்கல்ல. செய்தி வந்த சில நாட்களில் பொக்லைன் இயந்திரம் வருகிறது. பாதையின் இருபுறமும் மண் தெரியும் அளவுக்கு வழித்தெடுக்கப்படுகிறது. செய்தி எதிரொலி என்று இன்னொரு படம் வெளியாகிறது. முதல் படத்துக்கும் இரண்டாம் படத்துக்கும் இடையில் அங்கிருந்து போனது என்னவென்று எவரும் எழுதுவதில்லை. திருப்பூர் மாவட்டத்தின் காங்கேயம், தாராபுரம், மூலனூர் பகுதிகளில் இட்டேரி வழியாக நடந்து காட்டுப் பூக்களையும் பட்டாம்பூச்சிகளையும் பார்த்துவரும் பழக்கம் உள்ளவன் என்ற முறையில் அதை எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன். பாதையோரச் செடிகளை வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்த மாதத்தில், எவ்வளவு அகலத்துக்கு, எந்தெந்தச் செடிகளை விட்டுவிட்டு வெட்டுவது என்பதை ஊர் கூடி முடிவுசெய்த பிறகே கத்தி வைக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

கொங்கு நாட்டுக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்காக இட்டேரி பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இருபுறமும் தோட்டங்களின் உயிர்வேலிகள் நிற்க, நடுவே ஒரு மாட்டு வண்டி தாராளமாகப் போகும் அகலத்தில் ஊரையும் காட்டையும் இணைக்கும் மண்பாதையே இட்டேரி. வேலிக்கு அடிப்படை கிளுவை. மழைக்கு முன்பாகக் கிளுவைப் போத்துகளை, அதாவது வெட்டிய கிளைகளை, நெருக்கமாக நட்டுவிட்டால் அவை வேரூன்றி, ஆடு நுழைய முடியாத முள்வேலியாகிவிடும். கோடையில் இலையுதிர்த்து வெறும் முள்ளாக நிற்பது, முதல் மழைக்கே துளிர்த்துவிடும். அந்த வேலியைப் பற்றிக்கொண்டு கோவைக்கொடி, முடக்கத்தான், பிரண்டை, வேலிப்பருத்தி, கொடிப்பாலை, நன்னாரி, குன்றிமணி எல்லாம் ஏறுகின்றன. அதன் அடியில் எருக்கு, ஆவாரை, துத்தி, நாயுருவி, சங்கஞ்செடி, கொடிவேலி முளைக்கின்றன. வேலிக்கு அப்பால் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் நிற்கும் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம். அதில் காங்கேயம் மாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். உழவும் மருந்தும் படாத ஒரு நீண்ட கீற்று நிலம் இப்படி ஊர் ஊராகத் தொடர்ந்து கிடந்ததால்தான், வானம் பார்த்த இந்தப் பகுதியில் இத்தனை செடிகொடிகள் இன்றுவரை பிழைத்திருக்கின்றன. கவுதாரியும் காடையும் கீரியும் உடும்பும் தங்குவதற்கும் வேறு இடம் இல்லை.

இந்தப் பாதைகளில் நடப்பதற்கு உகந்த காலம் கார்த்திகை பிற்பகுதியிலிருந்து தை முடியும்வரை. பனி விலகி வெயில் ஏறும் நேரத்தில், ஏறக்குறைய எட்டு மணியிலிருந்து பதினொரு மணி வரை, பார்ப்பதற்கு மிகுதியாகக் கிடைக்கும். விஷ்ணுகிராந்தியின் நகத்தளவு நீலப் பூவைக் காலையில் பார்த்தால்தான் உண்டு. உச்சி வெயிலுக்குள் அது சுருங்கிவிடும். துத்தியோ அதற்கு நேர்மாறாகப் பிற்பகலில்தான் மஞ்சள் பூவை விரிக்கிறது. ஆகவே ஒரே இட்டேரியைக் காலையிலும் மாலையிலும் நடப்பவருக்கு இரண்டு வேறு பாதைகளில் நடந்தது போலவே இருக்கும். பாதையின் நடுவே, வண்டிச் சக்கரம் படாத திட்டில், நெருஞ்சியும் செருப்பு நெருஞ்சியும் படர்ந்திருக்கும். ஓரத்தில் தும்பையும் மூக்குத்திப்பூண்டும். அவற்றையெல்லாம் மீறிக்கொண்டு, அடிப்பகுதி மஞ்சளும் நுனி சிவப்புமாக அலைபாயும் இதழ்களுடன் கிளுவை வேலியின் மேல் எட்டிப் பார்ப்பது செங்காந்தள், நமது மாநில மலர். மூலனூர், தாராபுரம் வட்டாரத்தில் இதே செடியைக் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் விதைக்காகப் பந்தல் போட்டு விளைவிக்கிறார்கள். பூச்சிகளை மட்டும் நம்பினால் போதிய அளவு காய் பிடிப்பதில்லை என்பதால், பூத்திருக்கும் நாட்களில் ஆட்களை வைத்து மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்கும் வேலையும் நடக்கிறது. அந்தக் கூலிக் கணக்கை எழுதிப் பார்த்த விவசாயி யாராயினும், பூச்சிகள் இலவசமாகச் செய்யும் வேலையின் மதிப்பை அவருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எனினும் ஒன்றை மிகைப்படுத்தாமல் சொல்லிவிட வேண்டும்: மகரந்தச் சேர்க்கையில் பெரும்பங்கு தேனீக்களுக்கும் வண்டுகளுக்கும் உரியது; பட்டாம்பூச்சியின் பங்கு அதைவிடச் சிறியது. ஆனால் இவை அனைத்துக்கும் இருப்பிடம் அந்த ஒரே வேலிதான்.

பட்டாம்பூச்சிகளைப் பற்றிப் பொதுவாக நிலவும் ஒரு தவறான கருத்துதான் இந்த அழிவுக்கெல்லாம் இடம் கொடுக்கிறது. பூ இருந்தால் பட்டாம்பூச்சி வந்துவிடும், ஆகவே பாதையோரப் புதரை அழித்துவிட்டு ஊராட்சி அலுவலக முகப்பில் நான்கு தொட்டிகளில் பூச்செடி வைத்தால் சரியாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். பூவில் இருக்கும் தேன் பறக்கும் பட்டாம்பூச்சிக்கு மட்டுமே உணவு. அதற்கு முந்தைய புழுப் பருவத்தில் அது இலையைத் தின்கிறது. அதுவும் கிடைத்த இலையை அன்று, தன் இனத்துக்கு உரிய ஓரிரு செடிகளின் இலையை மட்டும். முட்டையிட வரும் பெண் பட்டாம்பூச்சியைச் சற்று நின்று கவனித்தால் இது விளங்கும். அது பூவைத் தேடுவதில்லை. இலைக்கு இலை தாவி, ஒவ்வொன்றின் மீதும் கணநேரம் அமர்ந்து, முன்னங்கால்களால் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறது. அதன் கால்களில் சுவை அறியும் நுண்ணுறுப்புகள் உள்ளன. உரிய செடி என்று உறுதியான பிறகே வயிற்றை வளைத்து இலையின் அடியில் ஒரு முட்டையை ஒட்டுகிறது. அந்தச் செடி இல்லாத இடத்தில் எத்தனை பூ இருந்தாலும் அந்த இனத்துக்கு அடுத்த தலைமுறை கிடையாது.

எருக்கஞ்செடியை எடுத்துக்கொள்வோம். எவரும் நீர் ஊற்றாத, ஆடும் கடிக்காத, பிள்ளையார் சதுர்த்தியன்று மாலைக்கு மட்டும் நினைவுக்கு வருகிற செடி அது. வெந்தய வரியன் எனப்படும் ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சியின் புழுவுக்கு அதுவே முதன்மை உணவு. மழை முடிந்த மார்கழியில் ஓர் எருக்கிலையைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு, வெள்ளை உடலில் கறுப்பும் மஞ்சளுமாக வளையமிட்ட, முதுகில் மூன்று இணைக் கறுப்புக் கொம்புகள் நீட்டிய புழு தென்படும். எருக்கம்பால் கண்ணுக்கும் தோலுக்கும் ஆகாதது என்பதை நாம் அறிவோம். அப்பால் பெருகி வாயை ஒட்டிவிடாதிருக்க, புழு முதலில் இலையின் நரம்பைக் கடித்து வைக்கிறது. பால் அவ்வழியே கசிந்து ஓய்ந்த பிறகே அந்த நரம்புக்கு அப்பால் உள்ள பகுதியைத் தின்னத் தொடங்குகிறது. பாலின் நஞ்சைத் தன் உடலிலும் சேர்த்துக்கொள்கிறது. வளர்ந்து பறக்கும்போதும் அந்த நஞ்சு உடலில் இருப்பதால், ஒருமுறை வாய் வைத்த பறவை மறுமுறை அந்த ஆரஞ்சு நிறத்தைக் கண்டால் ஒதுங்கிக்கொள்கிறது. இலையடியில் தொங்கும் கூட்டுப்புழு இளம்பச்சை நிறத்தில், பொன் துளிகள் பதித்து, எருக்கிலையோடு இழைந்து நிற்கும். முட்டையிலிருந்து சிறகு வரும்வரை மூன்று நான்கு வாரங்கள் ஆகும். அந்த மூன்று நான்கு வாரங்களுக்குள் பொக்லைன் வந்துவிட்டால், பறக்கத் தெரிந்தவை தப்பிக்கும். மற்றவை மண்ணோடு போகும்.

இந்த வெந்தய வரியனைப் பின்பற்றிப் பிழைக்கும் இன்னோர் இனமும் அதே பாதையில் உண்டு. அதன் ஆண் கறுப்புச் சிறகில் ஊதா ஓரமிட்ட வெண்வட்டங்களுடன் இருக்கும். பெண்ணோ வெந்தய வரியனைப் போலவே ஆரஞ்சு நிறம் பூண்டு, தனக்கு இல்லாத நஞ்சை இருப்பதாகக் காட்டி, பறவைகளிடமிருந்து தப்புகிறது. அதன் புழு தின்பது, நாம் கூட்டுக்குப் பறிக்கும் பருப்புக்கீரையை. ரோஜா அழகியின் புழு ஆடுதீண்டாப்பாளையிலும் பெருமருந்துக்கொடியிலும் வளர்கிறது. கருஞ்சிவப்பு நிறமும் இடுப்பில் ஒரு வெள்ளைப் பட்டையும் கொண்ட அப்புழுவை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். கறிவேப்பிலை அழகியின் பெண்களில் ஒரு வகை, அந்த ரோஜா அழகியின் சாயலைக் கடன் வாங்கிக்கொண்டு திரிகிறது. கொடிப்பாலையில் நீல வரியன், நன்னாரியிலும் அரளியிலும் வெண்புள்ளிக் கருப்பன், நீர்முள்ளியில் நீல வசீகரன், சங்கஞ்செடியில் சிறகுக்கு இளஞ்சிவப்புச் சாயம் தோய்த்தது போன்ற ஒரு சிறு பட்டாம்பூச்சி, கொடிவேலியில் வரிக்குதிரைக் கோடுகள் கொண்ட நீலச்சிறகி, ஆமணக்கிலும் தொட்டால் அரிக்கும் செந்தொட்டியிலும் செம்பழுப்பு நிறத்தில் அலைக்கோடுகள் ஓடும் சிறகுடையது என ஒவ்வொன்றுக்கும் அதன் செடி உண்டு. ஆவாரையிலும் தகரையிலும் வளரும் கொன்றை வெள்ளையன்கள் சில ஆண்டுகளில் கூட்டமாகக் கிளம்பும்போது சாலையில் போகும் பேருந்துகளின் கண்ணாடியெல்லாம் அவைதான். செருப்பு நெருஞ்சியை நம்பியிருப்பதோ, இந்தியாவின் மிகச் சிறிய பட்டாம்பூச்சிகளுள் ஒன்று. விரல் நகத்தில் அடங்கிவிடும். குனிந்து பார்க்காதவருக்கு அது கண்ணில் படவே படாது.

வேறொரு காட்சியையும் குறிப்பிட விரும்புகிறேன். பாதையோரத்தில் காய்ந்துகொண்டிருக்கும் கிலுகிலுப்பைச் செடியிலோ தேள்கொடுக்குச் செடியிலோ நீல வரியன்களும் கருப்பன்களும் மொய்த்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பூவே இல்லாத வாடிய தண்டில் அவற்றுக்கு என்ன வேலை என்று தோன்றும். அவை பெரும்பாலும் ஆண்கள். அச்செடிகளில் உள்ள ஒருவகைக் கசப்பு வேதிப்பொருளை உறிஞ்சி, அதிலிருந்து பெண்ணை ஈர்க்கும் மணப்பொருளை உடலில் உண்டாக்கிக்கொள்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்கே உள்ள சமவெளிக்கும் இடையே பருவமழைகளை ஒட்டி ஆயிரக்கணக்கில் இடம்பெயர்பவை இந்த இனங்களே. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் எங்கள் பகுதி அவற்றின் வழியில் இருக்கிறது. மலையில் காடு பாதுகாக்கப்பட்டால் போதும் என்று நினைப்பவர்கள், அந்த மலையிலிருந்து இறங்கி வருபவை இங்கே எதில் தங்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

2019ஆம் ஆண்டில் தமிழக அரசு தமிழ் மறவன் பட்டாம்பூச்சியை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது. மகிழ்ச்சிக்குரிய அறிவிப்பு, ஆயினும் தமிழ் மறவன் மலைக்காடுகளில் வாழ்வது, அதன் புழு மரவெட்டி மரத்தின் இலையைத் தின்பது. காங்கேயத்திலோ கரூரிலோ வாழும் ஒரு மாணவர் தன் ஊரில் அதைப் பார்க்க வாய்ப்பில்லை. 2015இல் திருச்சி ஸ்ரீரங்கம் அருகே 25 ஏக்கரில் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் பள்ளிகளிலிருந்து சுற்றுலாப் பேருந்துகள் செல்கின்றன. அங்கே போய் வருவதில் குறையொன்றும் இல்லை. ஆனால் பள்ளியின் சுற்றுச்சுவருக்கு வெளியே எருக்கும் கொடிப்பாலையும் இருந்த இடத்தை வழித்துவிட்டு, பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி இன்னொரு மாவட்டத்துக்குப் பட்டாம்பூச்சி காட்ட அழைத்துச் செல்வதை என்னவென்று சொல்வது? 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், பருப்புக்கீரையில் வளரும் மேற்சொன்ன பட்டாம்பூச்சியும், ரோஜா அழகியைப் போலவே ஆடுதீண்டாப்பாளையில் வளரும் சிவப்புடல் அழகி என்ற வேறோர் இனமும் புலி, யானையோடு முதல் அட்டவணையிலேயே நெடுங்காலம் இடம்பெற்றிருந்தன. பட்டாம்பூச்சியைப் பிடித்தால் குற்றம், அதன் செடியை ஊராட்சிச் செலவில் வேரோடு பிடுங்கினால் தூய்மைப் பணி என்றால் சட்டம் எதைத்தான் காப்பாற்றும்?

புதரை வெட்டச் சொல்பவர்கள் வேண்டாத வேலையாகச் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். இருட்டிய பின் தனிவகுப்பு முடிந்து வரும் பிள்ளைகளும், விடியுமுன் சங்கத்துக்குப் பால் கொண்டுபோகிறவர்களும் அதே பாதையில்தான் நடக்கிறார்கள். கண்ணாடி விரியன் எங்கள் பகுதியில் கதை அன்று. வளைவுகளில் வேலி சாய்ந்து எதிரே வரும் வண்டி தெரியாமல் விபத்து நேர்ந்ததும் உண்டு. ஆகவே நடைபாதையை ஒட்டி நான்கடி அகலத்துக்கும், வளைவுகளில் அதைவிட அதிகமாகவும் ஆண்டு முழுவதும் வெட்டி வைப்பதை நான் முழு மனத்துடன் ஏற்கிறேன், தெருவிளக்கும் வேண்டும். அதற்கு அரிவாள் போதும். பொக்லைனின் இரும்புக் கை வேலி வரைக்கும் நீண்டு, கிளுவையின் வேரோடு சேர்த்து மேல்மண்ணையும் அள்ளி ஓரத்தில் குவித்துவிட்டுப் போவதற்கும் பாம்பு பயத்துக்கும் சம்பந்தம் இல்லை. உண்மையில் அந்தக் குவியல்தான் எலிக்கு வளை. எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும்.

இன்னொரு விளைவும் உண்டு. மேல்மண் கிளறப்பட்ட இடத்தில் முதல் மழைக்கு முளைப்பது ஆவாரையோ தும்பையோ அன்று; பார்த்தீனியம். 1950களில் புனே நகரில் முதலில் கவனிக்கப்பட்டு நாடெங்கும் பரவிய அந்தக் களை, தோல் அரிப்புக்கும் மூச்சிரைப்புக்கும் காரணமாவது. வெற்று மண்ணைக் கண்டால் வேறெதையும் முந்திக்கொண்டு மண்டிவிடும். கிளுவையும் கொடிகளும் கொழுக்கட்டைப் புல்லும் நெருங்கி நிற்கும் வேலியடியில் அதற்கு எளிதில் இடம் கிடைப்பதில்லை. ஆண்டுதோறும் வழித்தெடுக்கும் ஊராட்சிகளில்தான் ஆண்டுதோறும் வழித்தெடுக்க வேண்டிய நிலை வருகிறது என்பதைப் பக்கத்துப் பக்கத்து ஊர்களை ஒப்பிட்டாலே அறியலாம். சீமைக்கருவேலம், உண்ணிச்செடி போன்ற அயல் தாவரங்களை அகற்றுவதற்கென 2022இல் மாநில அரசு ஒரு கொள்கையையே வெளியிட்டது. அதை நான் வரவேற்கிறேன். உண்ணிச்செடிப் பூவில் பட்டாம்பூச்சிகள் தேன் குடிப்பது உண்மையே. ஆனால் எங்கள் இட்டேரிப் பட்டாம்பூச்சிகளின் புழுக்களுக்கு அதன் இலை உணவாவதில்லை, வேலிச்செடிகளை நெருக்கி அழிப்பதும் அதுவே. இன்னது அயல், இன்னது நம்முடையது என்று பிரித்தறிந்து அகற்றுவதற்கு மனிதக் கை வேண்டும். இயந்திரத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது.

களைக்கொல்லி தெளிப்பது இதைவிடக் கொடிது. ஆள் பற்றாக்குறை என்று சொல்லி, சில இடங்களில் தோட்டத்துக்குச் சொந்தக்காரர்களே வேலியோரம் கிளைபோசேட் அடித்துவிடுகிறார்கள். அந்த மருந்தைப் பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்தினர் தவிரப் பிறர் பயன்படுத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு அறிவிக்கை வெளியிட்டது. ஊர்ப் பக்கம் அந்த அறிவிக்கையைப் பற்றி எவரும் பேசிக் கேட்டதில்லை. மருந்தடித்த வேலி இரண்டே வாரத்தில் பழுப்பேறிக் கருகி நிற்கும். ஆட்டுக்குத் தழை இல்லை, மனிதருக்குக் கீரை இல்லை.

கீரை என்றதும் சொல்லத் தோன்றுகிறது. நூறு நாள் வேலை என்று ஊரில் அழைக்கப்படும் திட்டத்தில் பாதையோரம் வெட்ட வரும் பெண்களிடம் பேசிப் பார்த்தால், அவர்களில் வயதானவர்களுக்குத் தெரியாத செடியே இல்லை. பண்ணைக்கீரை எது, தொய்யக்கீரை எது, மாட்டுக்கு வயிறு உப்பினால் எந்தத் தழை, பாம்புக்கடிக்குப் பாட்டி தேடிப்போன கொடி எது என்பதெல்லாம் அவர்கள் விரல் நுனியில் இருக்கிறது. வேலை முடிந்து போகும்போது மடியில் கீரையோடுதான் போவார்கள். இந்த அறிவு படைத்தவர்களிடம், கண்ணில் படுவதையெல்லாம் வெட்டுங்கள் என்று மேற்பார்வையாளர் சொல்வதைவிட, எதை விடலாம் அக்கா என்று கேட்பது எவ்வளவோ மேல்.

இனி, செய்யக்கூடியவை. செடிகள் பூத்துக் காய்த்து விதை உதிர்த்து முடிவது மாசி மாதத்தில். மழையை நம்பி வளர்ந்த புழுக்களில் பெரும்பாலானவை அதற்குள் சிறகு பெற்றுவிடும். ஆகவே நான்கடிக்கு அப்பாற்பட்ட பகுதியில் வெட்டும் பணியைப் பொங்கலுக்கு முன் செய்யாமல் மாசி, பங்குனிக்குத் தள்ளிவைக்க வேண்டும். அப்போதும் ஓர் ஆண்டில் ஒரு பக்கம் மட்டும் வெட்டினால், வெட்டிய பக்கத்துக்குத் தேவையான விதையையும் பூச்சியையும் எதிர்ப்பக்கம் கொடுத்துவிடும். கிளுவையைக் கவாத்து செய்யலாம், வேரோடு எடுக்கக் கூடாது. வெட்டிய தழையைப் பாதையோரத்தில் தீ வைக்கும் வழக்கத்தை அறவே நிறுத்த வேண்டும். தழையில் ஒட்டியிருக்கும் கூட்டுப்புழுக்களுக்கு அதுவே முடிவாகிவிடுகிறது. தார்ச்சாலையாக மாற்றப்படும் இட்டேரிகளில், அகலப்படுத்தும்போது ஒரு பக்க வேலியையாவது அப்படியே விட்டு மறுபக்கத்தில் இடம் எடுப்பதற்குப் பொறியாளர்கள் மதிப்பீட்டிலேயே வழி செய்யலாம். கல்தூணும் கம்பிவேலியும் ஒருமுறைச் செலவு, கிளுவைக்கு ஆண்டுதோறும் ஆள்கூலி என்பதால்தான் விவசாயிகள் கம்பிக்கு மாறுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. உயிர்வேலி வைத்திருப்பவர்களுக்குக் கவாத்துக் கூலியில் ஒரு பங்கை வேலைவாய்ப்புத் திட்டத்தின் வழியே ஏற்றுக்கொண்டால் பலர் பழைய வேலியையே வைத்துக்கொள்வார்கள்.

இதற்கெல்லாம் புதிய சட்டம் தேவையில்லை. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அது தன் எல்லைக்குள் உள்ள செடிகொடிகளையும் உயிரினங்களையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி அறிவிக்கப்பட்டது அதே சட்டத்தின்படிதான். எல்லா ஊரும் அரிட்டாபட்டி ஆகிவிட முடியாது என்பது சரி. ஓர் ஊராட்சியில் எஞ்சியிருக்கும் இட்டேரிகளின் பெயர், நீளம், அதில் நிற்கும் செடிகள், அவற்றில் வளரும் பட்டாம்பூச்சிகள் ஆகியவற்றைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கு எந்தத் தடையும் இல்லை. பதிவேட்டில் இடம்பெற்றுவிட்ட பாதையை எவரையும் கேட்காமல் வழிப்பது அவ்வளவு எளிதாக இராது. கேட்டால் சொல்வதற்குக் கையில் தாள் இருக்கும்.

பட்டியலிடும் வேலைக்கு நிபுணர்கள் வர வேண்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். உயர்நிலைப் பள்ளி மாணவர்களை ஓர் ஆசிரியரும், செடி தெரிந்த மூத்த பெண்மணி ஒருவரும் அழைத்துப் போனால் போதுமானது. பூவைப் பறிக்காமல், பட்டாம்பூச்சியை வலையில் பிடிக்காமல், கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். படம் எடுக்கும்போது பூச்சியை மட்டும் நெருக்கி எடுக்காமல், அது எந்தச் செடியில் இருந்தது, தேன் குடித்ததா முட்டையிட்டதா என்பதையும் குறித்துக்கொண்டால்தான் அந்தப் படத்தால் பயன். சிறகின் மேற்புறம் ஒரு நிறமாகவும் அடிப்புறம் வேறு நிறமாகவும் இருக்கும் என்பதால், இரண்டையும் பார்க்காமல் பெயர் சொல்ல முயன்றால் குழப்பமே மிஞ்சும். நிழல் பட்டால் எழுந்துவிடும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நெருங்கக் கூடாது. மழை பெய்து ஈரம் காயாத மணலில் ஆண் பட்டாம்பூச்சிகள் உப்பை உறிஞ்சக் கூட்டமாக அமர்ந்திருக்கும். தொடக்கத்தில் இனம் பிரித்துப் பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை, ஏனெனில் அந்நேரத்தில் அவை எளிதில் பறப்பதில்லை.

போகிப் பண்டிகையன்று மாலை எங்கள் பக்கத்தில் வீட்டு எரவாணத்திலும் தோட்டத்திலும் கட்டுத்தரையிலும் காப்புக் கட்டுவோம். வேப்பிலையோடு ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்ந்தால்தான் காப்பு. முன்பு வீட்டை விட்டு இறங்கினால் இட்டேரியில் இருந்தவை இவை. பொங்கலுக்காக ஊரைத் தூய்மை செய்கிறோம் என்று அவற்றை வழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, மறுநாள் சந்தையில் அதே ஆவாரம்பூவையும் பூளைப்பூவையும் கட்டுக் கட்டாக விலை கொடுத்து வாங்கி வருகிறோம். நகரத்தார் வாங்கினால் பொருள் உண்டு. இட்டேரிக்காரர்கள் வாங்குவதை எண்ணிச் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

நாளிதழிடம் எனக்கு உள்ள வேண்டுகோள் சிறியது. புதர் மண்டிய பாதை என்று ஒரு படம் தங்களுக்கு வரும்போது, அது சீமைக்கருவேலமும் பார்த்தீனியமும் மண்டிய இடமா, கிளுவையும் கொடிகளும் நிற்கும் உயிர்வேலியா என்பதைத் தங்கள் பகுதிச் செய்தியாளர் ஒரு வரியில் குறிப்பிட வேண்டும். முன்னதாயின் உடனே அகற்றச் சொல்லி எழுதுங்கள். பின்னதாயின், நடைபாதையை ஒட்டிய பகுதியை மட்டும் வெட்டவும் மற்றதை மாசி வரை விட்டுவைக்கவும் அதே செய்தியில் வலியுறுத்துங்கள். வரும் சனவரி 26 கிராம சபைக் கூட்டத்தில் இட்டேரிகளைப் பல்லுயிர்ப் பதிவேட்டில் சேர்க்கக் கோரும் தீர்மானத்தை எங்கள் ஊராட்சியில் முன்மொழிய இருக்கிறோம். மேலே சொன்ன நான்கடி வரம்பும் மாசி மாதக் கெடுவும் அதில் இடம்பெறும். அதற்கு முன்பாக இக்கடிதம் வெளியானால், அண்டை ஊராட்சிகளில் இருப்பவர்களும் தங்கள் கூட்டத்தில் இதே பொருளை வைப்பதற்கு நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
காங்கேயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.